வாலுளுவை எண்ணெய்: குப்பியில் இருப்பதும் ஆய்வில் இருப்பதும்

எழுபதைக் கடந்த என் தாயாருக்குச் சிறு மறதிகள் தொடங்கியபோது, சித்த மருத்துவர் ஒருவரின் ஒப்புதலோடு, காலையில் ஐந்து துளி வாலுளுவை எண்ணெயை வெதுவெதுப்பான பாலில் கலந்து இரண்டு மாதம் கொடுத்துவந்தேன். ஆயுர்வேதத்தில் ஜோதிஷ்மதி எனப்படும் இந்தக் கொடியின் விதை, நினைவாற்றலுக்கென்று நெடுங்காலமாகப் பயன்பட்டுவருவது. வாங்கிய குப்பியின் உறையோ, 'மூளையைக் காப்பதாக ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று அறிவித்தது.

அந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 1997இல் வெளியான ஒன்றில், ஸ்கோபாலமைன் கொடுத்து நினைவைக் குலைத்த எலிகள், இந்த எண்ணெயைப் பல நாள் தொடர்ந்து பெற்றபின் வழிதேடும் சோதனையில் தேறின. ஆனால் அல்சைமர் மறதி நோய்க்குத் தரப்படும் டொனெபெசில் போன்ற மருந்துகள் தடுக்கும் நொதியை எண்ணெய் தடுக்கவில்லை. 2002இல் வெளியான இன்னொன்றில், பல நாள் உட்கொண்ட எலிகளில், உடல் எடையின் கிலோவுக்கு 200, 300 மில்லிகிராம் அளவுகளில் நினைவு மேம்பட்டது. மூளையில் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்களும் குறைந்தன. இங்கேதான் கவனிக்க வேண்டும்: இந்த இரண்டாவது ஆய்வில் கொடுக்கப்பட்டது விதையின் நீர்ச்சாறு, எண்ணெய் அன்று. நீரில் கரைவதும் எண்ணெயில் கரைவதும் வெவ்வேறு பொருள்கள் என்பதால், ஒன்றின் பலனை மற்றதன் உறையில் அச்சிடுவது முறையன்று. எலிக்குக் கிடைத்த பலனை மனிதருக்கு நிரூபணமாகச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு.

எண்ணெயின் தரமும் எனக்கு ஐயம் தந்தது. வாலுளுவை அரிசி எனப்படும், செம்மஞ்சள் தோல் போர்த்திய விதையை நாட்டு மருந்துக் கடையில் தனியே வாங்கி இடித்துப் பார்த்தபோது எழுந்த காரமான நெடி, குப்பியில் பாதிகூட இல்லை. நல்லெண்ணெய் வாசனையே மேலோங்கியது. எந்த எண்ணெய் எத்தனை விழுக்காடு என்ற குறிப்பும் உறையில் இல்லை.

ஞாயிறுதோறும் புதிய பதினைந்து சொற்களைப் படித்துக்காட்டி, அரை மணி கழித்து அம்மாவிடம் கேட்டு எழுதிவைத்தேன். முதல் வாரம் ஆறு, கடைசி வாரம் ஏழு. நன்றாக உறங்கிய ஒரு வாரத்தில், இடையிலேயே ஒன்பது சொன்னார். ஆகவே அந்த ஒரு சொல்லை எண்ணெயின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை. வயிற்றுக்கு ஒவ்வாமை எதுவும் ஏற்படவில்லை. இந்தக் குப்பியை மீண்டும் வாங்க மாட்டேன். கலப்பில்லாத எண்ணெய் என்று உறையில் தெளிவாக எழுதித் தருபவர் கிடைத்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டு இதே சொற்சோதனையோடு மறுபடி தொடங்குவேன்.