எம்பி கொடுத்த வெளியுறவு வாக்குறுதி: எதை வைத்து அளப்பது?

"கச்சத்தீவை மீட்க நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பேன்." இந்த ஒரு வரியில் இரண்டு வாக்குறுதிகள் ஒளிந்திருக்கின்றன. மீட்பது எம்பி கையில் கிடையாது. வெளியுறவு மத்திய அரசின் அதிகாரம். 1974இல் இலங்கையோடு ஒப்பந்தம் போட்டதும் அதுதான். குரல் கொடுத்தாரா என்பதற்கு மட்டும் கணக்குப் பார்க்கலாம். எந்தக் கணக்கு என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவின் உண்மை சரிபார்ப்புத் தளமான பொலிட்டிஃபாக்ட்டின் பாணி ஒன்று. ஒபாமாவின் 500க்கும் மேற்பட்ட வாக்குறுதிகளை எடுத்து, நிறைவேறியது, சமரசம், மீறப்பட்டது என்று முத்திரை குத்தினார்கள். பார்த்ததும் புரியும். ஆனால் அவர் மூடுவதாகச் சொன்ன, கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவைப் பாருங்கள். 2009 ஜனவரியில், பதவியேற்ற இரண்டே நாளில் மூடச் சொல்லி உத்தரவு போட்டார். கைதிகளை அமெரிக்காவுக்கு மாற்ற நிதி தர முடியாது என்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் கையை விரித்தது. கடைசியில் விழுந்த முத்திரை 'மீறப்பட்டது'. அதிபருக்கே இந்தக் கதி என்றால் நம்மூர் எம்பி எம்மாத்திரம்?

இரண்டாவது, நாடாளுமன்றச் செயல்பாட்டைக் கண்காணிக்கும் பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பு தரும் எண்கள்: வருகை, கேள்விகள், விவாதங்கள், அமைச்சர் அல்லாத எம்பிக்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள். சுத்தமான தகவல்தான், ஆனால் எண்ணிக்கையில் ஏமாந்துவிடலாம். தனிநபர் மசோதா கொண்டுவந்தேன் என்று போஸ்டர் அடிப்பது சுலபம். 1970க்குப் பிறகு அப்படி ஒன்றுகூட இரு அவைகளையும் தாண்டிச் சட்டமாகவில்லை.

என் ஓட்டு மூன்றாவதற்கு: கேள்வியையும் பதிலையும் வரிவரியாகப் படிப்பது. "இலங்கைச் சிறையில் எத்தனை மீனவர்கள்?" என்று கேட்டால் ஓர் எண் வரும், அத்தோடு முடிந்தது. "2016இல் இந்தியாவும் இலங்கையும் அமைத்த மீன்வளக் கூட்டுப் பணிக்குழு கடைசியாக எப்போது கூடியது, எடுத்த முடிவு என்ன ஆயிற்று?" என்று கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அல்லது மழுப்ப வேண்டும். மழுப்பலும் பதிவாகும். அதிலும் அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் கூடுதல் மதிப்பு. மக்களவையில் ஒரு நாளைக்கு 20தான். முறை வந்தால் எழுந்து நின்று துணைக் கேள்வியும் கேட்கலாம்.

அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது" என்றாரா? அதை அரசின் உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், கண்காணிக்கத் தனிக் குழுவே இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அதே விஷயத்தோடு எம்பி திரும்ப வந்தாரா என்றுதான் நான் முதலில் தேடுவேன். எம்பிக்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் ஆவேசமாகப் பேசிய வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றும். அதற்கு அமைச்சர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் கிடையாது.

இந்த வழிக்குப் பொறுமை வேண்டும், ஒரு மாலை முழுக்கப் போய்விடும். இன்னொரு ஓட்டையும் உண்டு. எம்பி அமைச்சராகிவிட்டால் கேள்வியே கேட்க மாட்டார், பிஆர்எஸ் கணக்கிலும் இருக்க மாட்டார். அப்போது அந்த அமெரிக்க முத்திரையைத் தாராளமாக எடுக்கலாம்; இனி முடிவில் அவருக்கும் பங்கு இருக்கிறதே.