கால் வலுவும் ஓட்டமும்: ஒரே மாலையிலா, தனித்தனி நாளிலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்ட வேலை முடிந்து மாலையில் திடலுக்கு வருவோர் பலர், கால் தசைப் பயிற்சியையும் ஓட்டத்தையும் ஒன்றாக முடிப்பதா, பிரித்துச் செய்வதா என்று தயங்குகிறார்கள்.

நேரம்: ஒன்றாகச் செய்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று மாலைகள் போதும், பிரித்தால் நான்கைந்து வேண்டும், அதிலும் மாலை மழை ஒன்றிரண்டைத் தின்றுவிடும்.

வலு: 1980இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட பத்து வார ஆய்வில், இரண்டையும் கடுமையாகச் செய்தவர்களின் கால் வலு ஏழெட்டு வாரம் வரை ஏறிப் பின்னர் சரிந்தது, ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்தாறு நாள் பயின்றவர்கள் என்பதால், இரண்டு நாள் குந்தி எழுபவர் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் வலுவைப் பொறுத்தவரை பிரித்துச் செய்வதே மேல். ஒரே மாலையில்தான் இயலும் என்றால் எடைப் பயிற்சியை முதலில் முடிக்க வேண்டும். ஓடிக் களைத்த பின் எடையோடு குந்தினால் முழங்கால்கள் உள்நோக்கிச் சாயக்கூடும்.

களைப்பு: நாள் முழுதும் குலை சுமந்த கால்களுக்குப் பிரிப்பதே இதம்.

ஆகவே ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கும் பொது உடல்நலம் நாடுபவருக்கும் ஒரே மாலை பொருந்தும்; பந்து விளையாட்டுக்காகக் கால் வலுவைக் கூட்ட விரும்பும் இளைஞர்கள் பிரித்தே செய்யட்டும்.