ஆட்டிசம் உள்ள தம்பிக்கு பேங்க் அக்கவுன்ட்: ரெண்டு ஸ்டார்

எங்க ஏரியா பேங்க் தான், பேர் வேணாம் விடுங்க. தம்பிக்கு 27 வயசு, ஆட்டிசம், டேட்டா என்ட்ரி வேலை பாக்குறான், சம்பள அக்கவுன்ட் ஓபன் பண்ணணும், அவ்ளோதான்.

டெஸ்க்ல இருந்த ஆபீசர் அவன் பக்கம் திரும்பவே இல்ல, "இவருக்கு கையெழுத்து போடத் தெரியுமா மேடம்?"னு என்கிட்ட கேக்குறார், அவன் பக்கத்துலயே உக்காந்து ஃபார்ம்ல அவங்க பிரின்ட் பண்ண பின்கோடு தப்புன்னு பேனாவால சுழிச்சுட்டு இருக்கான். யூடிஐடி கார்டைப் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) பாத்ததும் "கார்டியன் சர்டிஃபிகேட் கொண்டு வாங்க", அதாவது அவனுக்குப் பதிலா முடிவெடுக்க சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேணுமாம். 18 தாண்டுன எல்லாருக்கும் கார்டியன் கட்டாயம் இல்லங்க. 1999 நேஷனல் ட்ரஸ்ட் சட்டப்படி மாவட்ட கமிட்டில கார்டியன் வாங்குறது தேவைப்படுறவங்களுக்கு மட்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 13வது பிரிவுல சொந்தப் பணத்த தானே பாத்துக்குற உரிமை, லோன் உட்பட, தெளிவா இருக்கு. போன்ல எடுத்துக் காட்டுன பிறகுதான் வேலை நடந்துச்சு.

இது கூட பரவால்ல. அப்புறம் பாஸ்புக் என்ட்ரிக்கு தம்பி தனியா போனப்ப அதே ஆபீசர் "வாங்க சார், உக்காருங்க சார்"னு உபசரிச்சு ஒரு இன்சூரன்ஸ் பாலிசில கையெழுத்து வாங்கிட்டார். கார்டியன் வேணும்னு நின்ன மனுஷனுக்கு பிரீமியம்னதும் கார்டியன் ஞாபகமே வரல பாருங்க! தம்பிக்கு யாராவது கடகடன்னு பேசி, பின்னாடி க்யூவும் நின்னா "சரி சார்"னு சொல்லி தப்பிச்சு வந்துடுவான், புரிஞ்சுதான் சொன்னான்னு இல்ல. அதையே பேப்பர்ல குடுத்து வீட்டுக்கு அனுப்புனா வரி வரியா படிச்சு கேள்வி கேட்டே கொன்னுடுவான். நம்ம ஆளுங்களுக்கு ரெண்டே கணக்கு, அமைதியா இருந்தா குழந்தை, நல்லா பேசுனா அவனுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. எந்த இடத்துல மாட்டிக்குவான்னு அவன்கிட்டயே கேட்டா சொல்வான், கேக்கத்தான் ஆள் இல்ல.

பாலிசி வேணாம்னா திருப்பிக் குடுக்க 30 நாள் ஃப்ரீ லுக் டைம் இருக்கு, அதுக்குள்ள எழுதிக் குடுத்து கேன்சல் பண்ணிட்டோம், கொஞ்சம் பிடிச்சுட்டு மீதி வந்துச்சு.

ரெண்டு ஸ்டாரும் கேஷ் கவுன்ட்டர் அக்காவுக்கு. ஏடிஎம் பின் எப்படி செட் பண்றதுன்னு செலான் பின்னாடி ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதி அவன் கையிலயே குடுத்தாங்க, சத்தமா பேசல, அவசரப்படுத்தல. போறவங்க காலைல திறந்ததும் போங்க, டோக்கன் மெஷின் கத்தல் கம்மி. எது விக்க வந்தாலும் மெயில்ல அனுப்பச் சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க.

பாலிசி வித்ததுக்கு தம்பியே கம்ப்ளைன்ட் டைப் பண்ணி குடுத்துருக்கான். 30 நாள்ல பதில் வரலன்னா அடுத்து பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ஆர்பிஐ (ரிசர்வ் வங்கி) ஓம்புட்ஸ்மேன் தான்.