எஸ்ஜி இரும்பு கியர்: எண்ணெயில் தோய்ப்பதா, உப்பில் தோய்ப்பதா?

எஸ்ஜி இரும்பு என்றால் கிராஃபைட் உருண்டை உருண்டையாக உள்ள வார்ப்பிரும்பு. அதில் செய்த கியரைக் கடினமாக்க இரண்டு வழி: சூடேற்றி எண்ணெயில் தோய்ப்பது, அல்லது உருகிய உப்பில் தோய்ப்பது. எஸ்ஜி 600/3 ரக (இழுவலிமை 600 எம்பிஏ, நீட்சி 3%) வார்ப்பில் ஒரு துண்டைப் பாலிஷ் செய்து, நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) தடவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கறுப்பு உருண்டையாகக் கிராஃபைட், அதைச் சுற்றி வெள்ளை வளையமாக ஃபெரைட் (கார்பன் ஏறக்குறைய இல்லாத மென்மையான இரும்பு), மீதி இடமெல்லாம் சாம்பல் நிறப் பியர்லைட் (ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக). கடினம் 190 முதல் 270 பிஎச்என் (பிரினெல் கடின எண்). சூளையில் மாறுவது உருண்டையைச் சுற்றியுள்ள இரும்புதான். மெக்னீசியம் குறைந்து உருண்டை கெட்ட வார்ப்பை எந்த ஹீட் ட்ரீட்மெண்டும் காப்பாற்றாது.

கடினமாக்கும் முன் ஒரு விஷயம். விளிம்பு வெள்ளையாகி டிரில் ஏறவில்லை என்றால் அங்கே சிமெண்டைட் (கடினமான இரும்புக் கார்பைடு) உறைந்திருக்கிறது. ‘அனீலிங்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் சில இடங்களில் 550 டிகிரி ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (உள்ளே தங்கிய இறுக்கத்தைத் தளர்த்துவது) செய்து திருப்பிவிடுவார்கள். சிமெண்டைட் அப்படியே இருக்கும். அதை உடைக்க 900–925 டிகிரியில் குறைந்தது 2 மணி நேரம் வேண்டும்.

இனி கியர். இரண்டு வழிக்கும் தொடக்கம் ஒன்றே: 900 டிகிரி வாக்கில், 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம். கிராஃபைட்டிலிருந்து கார்பன் கரைந்து ஆஸ்டனைட்டில் (அந்தச் சூட்டில் இரும்பு எடுக்கும் வடிவம்) பரவ வேண்டும். பியர்லைட்டில் கார்பன் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபெரைட் மிகுந்த 400/15 வார்ப்பில் தூரத்திலிருந்து வரவேண்டும், நேரம் கூடும். இன்டக்‌ஷன் ஹார்டனிங்கில் (மின்சுருளால் மேற்பரப்பை மட்டும் சூடேற்றுவது) சில விநாடிகளே கிடைப்பதால் ஃபெரைட் வார்ப்பில் கடினம் சரியாக ஏறாது.

எண்ணெயில் தோய்த்தால் மார்ட்டென்சைட் (வேகமாக ஆறுவதால் வரும் மிகக் கடினமான வடிவம்) வரும். 55 எச்ஆர்சி (ராக்வெல் சி கடின அளவு) தாண்டும், ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும். ஆறவைத்து நாளைக்கு டெம்பர் செய்யலாம் (மிதமாக மறுபடி சூடேற்றி நொறுங்கும் தன்மையைக் குறைக்கலாம்) என்று விட்டால் பல்லின் அடியிலோ சாவிக்காடியின் மூலையிலோ விரிசல் விழும். தண்ணீரில் தோய்ப்பது இன்னும் மோசம். டெம்பரிங் 600 டிகிரியைத் தாண்டினால் மார்ட்டென்சைட்டிலிருந்து புதிதாகக் கிராஃபைட் பிரிந்து கடினம் இறங்கிவிடும்.

உப்பு வழி ஆஸ்டெம்பரிங். 900 டிகிரியிலிருந்து நேராக உருகிய நைட்ரேட்–நைட்ரைட் உப்பில் இறக்கி, 1 முதல் 4 மணி நேரம் வைக்கிறோம். ஊசி ஊசியாக ஃபெரைட்டும், இடையே கார்பன் ஏறிய ஆஸ்டனைட்டும் கிடைக்கும். இதற்கு ஆஸ்ஃபெரைட் என்று பெயர். உப்பு 370 டிகிரியில் இருந்தால் 270–340 பிஎச்என், நல்ல நீட்சி. 260 பக்கம் இறக்கினால் 400-க்கு மேல், தேய்மானத்துக்கு ஏற்றது. சீக்கிரம் எடுத்தால் மீதி ஆஸ்டனைட் ஆறும்போது மார்ட்டென்சைட்டாகும்; அதிக நேரம் விட்டால் கார்பைடு பிரிந்து நொறுங்கும். ஈரமான பாகத்தை மட்டும் உப்பில் இறக்கவே கூடாது, உப்பு வெடித்துத் தெறிக்கும்.

உப்பு வழி தோற்பது பெரும்பாலும் தடிமனில்தான். கலப்பில்லாத இரும்பில் ஏறத்தாழ 20 மி.மீ. தாண்டினாலே நடுப்பகுதி மெதுவாக ஆறி பியர்லைட்டாகிவிடும். தாமிரமும் நிக்கலும் சேர்க்க வேண்டும். மாலிப்டினம் ஆழத்துக்கு உதவும், ஆனால் கடைசியாக உறையும் இடத்தில் ஒதுங்கிக் கார்பைடு கட்டும், அளவாகத்தான்.

பல் திரும்பத் திரும்ப வளைந்து களைத்துப்போகும் சுமைக்கு, தொகுதி தொகுதியாகத் தயாரிக்கும் கியர்களுக்கு, உப்பைத்தான் தேர்ந்தெடுப்போம். ஒன்றிரண்டு ரிப்பேர் துண்டுகளுக்கு எண்ணெய் போதும். ஆனால் உப்பில் பாகம் சற்றுப் பெரிதாகும், ஃபெரைட் அதிகமிருந்தால் இன்னும் கூடும். பியர்லைட் விகிதம் வார்ப்புக்கு வார்ப்பு மாறினால் நடுத்துளையின் (போர்) அளவும் மாறும். பல் வெட்டுவதை முன்பே முடித்துவிடுங்கள். பிறகு வெட்டினால் டூல் அழுத்தத்தில் ஆஸ்டனைட் மார்ட்டென்சைட்டாகி முனை மழுங்கும். கடினம் பார்க்க 10 மி.மீ. குண்டு, 3000 கிலோ பிரினெல் நல்லது. ராக்வெல் கூம்பு கிராஃபைட் மேல் விழுந்தால் அளவு குறைத்துக் காட்டும்.