இமை அறுவைக்குக் கோலாலம்பூரில் எங்கே போவது?

கோலாலம்பூரில் தொங்கும் இமையைத் தூக்கிவிட மூன்று இடம் உண்டு: அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவு, தனியார் கண் மருத்துவமனை, பேரங்காடிகளை ஒட்டி முளைத்திருக்கும் அழகு கிளினிக். முதல் இரண்டும் அழகு கிளினிக்கை முந்துவது அளவெடுப்பதில்தான்.

நல்ல இடத்தில் முதலில் டார்ச்சும் மில்லிமீட்டர் அளவுகோலும் வெளியே வரும். கருவிழியில் விழும் ஒளிப்புள்ளிக்கும் மேல்இமை விளிம்புக்கும் இடையே 4 முதல் 5 மி.மீ. இருப்பது இயல்பு. 2 மி.மீ.க்குக் கீழே போனால் மேல்பார்வை மறைகிறது. அடுத்து, புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, கீழே பார்க்கச் சொல்லி, பிறகு மேலே பார்க்கச் சொல்வார்கள். இமை 12 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் இமையைத் தூக்கும் தசை நன்றாக இருக்கிறது, அதன் நார்ப்பட்டைதான் தளர்ந்திருக்கிறது என்று பொருள். வயது, பல வருட கான்டாக்ட் லென்ஸ், கண்புரை அறுவை ஆகியவை வழக்கமான காரணங்கள். பட்டையை முன்னால் இழுத்துத் தைத்தால் போதும். 4 மி.மீ.க்கும் குறைவாக நகரும் இமையில் இது எடுபடாது. சிலிக்கான் இழையால் நெற்றித் தசையோடு கட்ட வேண்டும். ஃபினைலெஃப்ரின் என்ற கண் சொட்டு மருந்தை விட்டுச் சில நிமிடத்தில் இமை ஏறினால், உள்பக்கமாகவே வெட்டி வெளித்தழும்பு இல்லாமல் முடிக்கலாம். சொட்டையும் அளவுகோலையும் தொடாமல் நேரே 'பேக்கேஜ்' விலைக்கு வருகிற கிளினிக்கை விட்டுவிடுங்கள்.

வெட்டவே கூடாத இமைகளும் உண்டு. காலையில் சரியாக இருந்து மாலையில் இறங்கினால் மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். மூடிய இமைமேல் 2 நிமிடம் ஐஸ் வைத்ததும் 2 மி.மீ. ஏறினால் சந்தேகம் வலுக்கும். திடீரென இமை விழுந்து, கண்ணின் பாப்பா விரிந்து, தலைவலியோ இரட்டைப் பார்வையோ இருந்தால் கிளினிக் தேடி அலையாமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூளை ரத்தக்குழாய் வீக்கம் நரம்பை அழுத்தலாம்.

கீழ்இமை உள்ளே சுருண்டால் முடி கருவிழியை உரசும், மண் விழுந்தது போல உறுத்தும். மூன்று தையல் போட்டு வெளியே திருப்புவது சில நிமிட வேலை, ஆனால் பலருக்குத் திரும்ப வந்துவிடும். வெளி ஓரத்தையும் எலும்போடு இறுக்கித் தைத்தால் நீடிக்கும். எதைச் செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். இமை வெளியே பிரிந்து கண்ணீர் வழிகிறவர்கள் கைக்குட்டையால் கீழ்நோக்கித் துடைத்துத் துடைத்தே இன்னும் தளரவிடுகிறார்கள். மூக்குப் பக்கம், மேல்நோக்கி ஒற்ற வேண்டும்.

கட்டணத்தில் அரசாங்க மருத்துவமனையை யாரும் வெல்ல முடியாது. கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க சுகாதார கிளினிக்) கடிதத்தோடு போங்கள். குறை, காத்திருப்பு. தனியாரில் மருத்துவர் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. அறை, மருந்து, கருவிச் செலவு அதில் அடங்காது, அதனால் பிரித்து எழுதிய மதிப்பீடு வாங்குங்கள். காப்புறுதி நிறுவனம் 'அழகுக்காக' என்று தள்ளாமல் இருக்க, இமையை டேப்பால் தூக்கியும் தூக்காமலும் இரண்டு முறை எடுத்த பார்வைப்புல சோதனையும் படமும் தேவைப்படும். செலவை ஏற்பதாக அந்த நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம் கைக்கு வராமல் தேதி குறிக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு மரப்பு ஊசி போட்டே செய்வது மேல், மேசையிலேயே கண்ணைத் திறக்கச் சொல்லி உயரம் பார்க்கலாம். ரத்தம் உறையாத மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், இருதய மருத்துவரைக் கேளுங்கள். முதல் 48 மணி நேரம் ஐஸ், சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரிப்பு. இரவில் கண் முழுதாக மூடாது, களிம்பு அவசியம். கடும் வலியோடு கண் கல்லாக இறுகிப் பார்வை மங்கினால் பின்னால் ரத்தம் கட்டுகிறது. காலை வரை பொறுக்காது. இரவில் எடுக்கிற தொலைபேசி எண்ணை முன்பே வாங்கி வையுங்கள். அழகு கிளினிக்குகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இன்னொன்று: ஒரு கண்ணைத் தூக்கியதும் மறு கண் இறங்குவது உண்டு, இரண்டுக்கும் ஒரே நரம்புக் கட்டளை. தொங்கும் இமையை விரலால் தூக்கி மறு கண் இறங்குகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள், இரண்டாவது திருத்தம் அதே விலையில் அடங்குமா என்பதையும் சேர்த்து.