பழைய கணினியில் கேம் விளையாட: மின்ட்டா, பஸைட்டா?

இலங்கை மலைநாட்டின் ஹட்டன் பக்கத்துக் கடைகளில் விலைக்குக் கிடைக்கும் பாவித்த கணினிகளில் பல, வெளிநாட்டு அலுவலகங்களில் சில வருடங்கள் உழைத்துக் களைத்த பிறகு கப்பலேறி வந்தவை. இன்டெல் ஐ5 ஆறாம் தலைமுறைச் செயலி, 8 ஜிபி ரேம், "கேம் ஓடும்" என்று சொல்லிக் கடைக்காரர் சொருகிக் கொடுத்த சிறியதொரு கிராபிக்ஸ் கார்டு ஆகியவையே பெரும்பாலும் அவற்றின் உள்ளே இருக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளை, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இருக்க வேண்டும் என்கிறது. தனிப் பாவனையாளர்களுக்கென 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்பு நீட்டிப்பு ஒன்று வழங்கப்பட்டாலும், அது பிரச்சினையை ஒரு வருடம் தள்ளிப் போடுவதே தவிர தீர்ப்பது அல்ல.

டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து அப்படிப்பட்ட கணினி ஒன்றைத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்த ஓர் அம்மா, "தம்பி, வாங்கி ரெண்டு வருசம்கூட ஆகல, இதத் தூக்கிப் போட்டுற வேண்டியதுதானா?" என்று கேட்டார். தூக்கிப் போட வேண்டியதில்லை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று சொல்வது எளிது. ஆனால் பக்கத்தில் நின்ற மகன் கேட்ட கேள்விதான் சிக்கலானது: "அண்ணா, அதுல கேம் ஓடுமா?"

இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் புத்தம்புதிய கார்டுகளை வைத்து, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணிப் பார்ப்பவை. நூற்றுப் பத்துக்கும் நூற்றுப் பதினைந்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு ஒரு பொருட்டே அல்ல. மலைநாட்டில் ஒரு இயங்குதளத்தைத் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று: உள்ளே இருக்கும் கார்டின் வயது, மாதத்திற்குக் கிடைக்கும் டேட்டாவின் அளவு, இடிமழைக் காலத்தில் கரண்ட் நிற்கும் விதம். இந்த மூன்றையும் வைத்தே, லினக்ஸின் இரு பதிப்புகளான லினக்ஸ் மின்ட்டையும் பஸைட்டையும் இங்கு எதிரெதிரே நிறுத்துகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். "எந்த லினக்ஸில் அதிக கேம்கள் ஓடும்?" என்ற கேள்வியே பிழையானது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட கேம்களை லினக்ஸில் ஓட்டுவது வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்ட்டில் வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருள். அது 1993இல் தொடங்கிய வைன் திட்டத்தின் மேல் கட்டப்பட்டது. கேம் விண்டோஸின் கிராபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸில் பேசுவதை டிஎக்ஸ்விகே என்ற பகுதி லினக்ஸுக்கும் புரியும் வல்கன் மொழிக்கு மாற்றிக் கார்டுக்குச் சொல்கிறது. டைரக்ட்எக்ஸ் 12 என்றால் அதே வேலையை விகேடி3டி செய்கிறது. புரோட்டான் வால்வின் கேம் கடைச் செயலியான ஸ்டீமுடன் வருவதால், மின்ட்டிலும் பஸைட்டிலும் இருப்பது ஒரே புரோட்டான்தான். கார்டு இடங்கொடுத்தால், ஒன்றில் ஓடும் கேம் மற்றதிலும் ஓடும். ஒன்றில் ஓடாதது மற்றதிலும் ஓடாது.

ஓடாதவை எவை என்பதை முதலிலேயே பையனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வலோரன்ட், ஃபோர்ட்நைட், கணினிக்கான பப்ஜி ஆகியவற்றுக்கு லினக்ஸில் வழியில்லை, ஏனெனில் அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு ஏற்பாடுகள் லினக்ஸை ஏற்காதபடி வைக்கப்பட்டுள்ளன. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற தடுப்பு மென்பொருள்கள் இரண்டும் 2021இலேயே புரோட்டானுக்கு இடங்கொடுத்தன என்றாலும், அந்த இடத்தைத் திறந்துவிடுவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு கேம் நிறுவனத்தின் கையிலும் இருக்கிறது. திறந்த கதவை மறுபடி மூடியவர்களும் உண்டு: ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 ஒக்டோபர் இறுதியில் லினக்ஸ்காரர்களை வெளியே அனுப்பியது. ஜிடிஏ 5இன் கதைப் பகுதி நன்றாக ஓடும், ஆனால் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்ட பின் அதன் ஆன்லைன் பகுதி ஓடாது. மறுபுறம் கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2, ஜாவா மைன்கிராஃப்ட் ஆகியவற்றுக்குப் புரோட்டானே வேண்டியதில்லை. அவற்றுக்கு நேரடி லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. ஃபிரீ ஃபயருக்காகக் கணினியைத் தொட வேண்டாம். கையிலிருக்கும் ஃபோனே போதும்.

இனி கார்டு. நமது கடைகளில் அடிக்கடி கைமாறுபவை என்விடியா ஜிடி 710, ஜிடி 730 என்ற இரண்டும்தான். விண்டோஸில் ஏதோ ஓடியது என்பதற்காக லினக்ஸிலும் அப்படியே ஓடும் என்று நம்பினால் இங்குதான் சறுக்கும். இவற்றில் பல கெப்ளர் என்ற பழைய சிப் தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு என்விடியா தந்த கடைசி டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வரிசை 470, அந்த டிரைவரின் வல்கன் ஆதரவோ 1.2 உடன் நின்றுவிடுகிறது. டிஎக்ஸ்விகேயின் இரண்டாம் பதிப்பு வல்கன் 1.3ஐக் கேட்கிறது, எனவே அதைச் சுமந்து வரும் புரோட்டான் 8 முதலான பதிப்புகளில் கேமைத் தொடக்கினால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு ஸ்டீம் பக்கத்திற்கே திரும்பிவிடும். பிழைச் செய்திகூட வராது. பையன் கேம் கெட்டுவிட்டது என்று நினைத்து 30 ஜிபியை அழித்துவிட்டு மறுபடி இறக்கத் தொடங்குவான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஸ்டீமில் கேமின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸ் திறந்து, கம்பாட்டிபிலிட்டி என்ற பக்கத்தில் புரோட்டான் 7.0ஐத் தெரிவு செய்ய வேண்டும். அதில் பழைய டிஎக்ஸ்விகே இருப்பதால் டைரக்ட்எக்ஸ் 9, 11 காலத்துக் கேம்கள் பல எழுந்து நிற்கும். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் கெப்ளருக்கும் முந்திய ஃபெர்மி சிப் கொண்ட கார்டுகளும் விற்கப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றுக்கு வல்கனே கிடையாது. பெட்டியைப் பார்த்து வாங்கினால் இந்த வித்தியாசம் தெரியாது.

இந்த இடத்தில் மின்ட் தெளிவாக முந்துகிறது. உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22இல் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் 470 வரிசை பட்டியலில் இருக்கும். ஒரு கிளிக், ஒரு மறுதொடக்கம், முடிந்தது. பஸைட்டோ ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்துதான் என்விடியாவைக் கணக்கில் எடுக்கிறது. ஜிடி 710 உள்ளவருக்கு அங்கு வாசலே இல்லை. ரேம் 4 ஜிபி மட்டும் உள்ள கணினிக்கும் அதே பதில்தான்; அங்கு மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தவிர வேறெதையும் நான் போடுவதில்லை.

ஆனால் கார்டு ஏஎம்டியாக இருந்தால் காட்சி மாறிவிடும். ஆர்எக்ஸ் 550, ஆர்எக்ஸ் 580 போன்றவற்றின் டிரைவர் லினக்ஸிலேயே கலந்திருக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம், வல்கன் 1.3உம் உண்டு. இரண்டு இயங்குதளங்களும் இங்கு சமம். அண்மையில் வெளிவந்த கார்டு என்றால் பஸைட் ஒரு படி மேல், ஏனெனில் அதன் கேர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மேசா என்ற கிராபிக்ஸ் டிரைவரும் புதியவை. கார்டே இல்லாமல் ஆறாம் தலைமுறை இன்டெல்லின் உள்ளிணைந்த கிராபிக்ஸை மட்டும் நம்பியிருப்பவர்களும் மனம் தளர வேண்டாம், அதுவும் வல்கன் 1.3 பேசும். நான்காம் தலைமுறையில்தான் வல்கன் அரைகுறை. காசு கொடுத்து ஜிடி 710 வாங்க நினைப்பவர், இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு பழைய ஆர்எக்ஸ் கார்டு தேடுவதே என் கணக்கில் சரி; பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆர்எக்ஸ் 580 போன்ற பெரிய கார்டை அலுவலகக் கணினிகளில் அது பெரும்பாலும் தாங்காது.

டேட்டாவுக்கு வருவோம். நகரத்தில் ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளுக்கு இந்தப் பத்தி தேவையில்லை. தோட்டத்து லயத்தில் ஒரு 4ஜி ரவுட்டரை ஜன்னலோரம் வைத்து, இரவு நேரத்துக்கென ஒதுக்கப்பட்ட டேட்டாவுக்காக அலாரம் வைத்து எழும்புகிறவர்களுக்கு இது உயிர்நாடி. மின்ட்டின் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. பஸைட்டினுடையது அதைப் போல இரு மடங்குக்கும் மேல். நிறுவிய பிறகும் பஸைட் அடிக்கடி புதுப்பிப்புகளை அனுப்பும், அதுவும் தனித்தனிப் பொதிகளாக அல்லாமல் முழு இயங்குதளத்தின் படிமமாக. மாறிய பகுதிகளை மட்டுமே இறக்கினாலும் அது சில சமயம் ஜிபி கணக்கில் போகும். மின்ட்டில் எது வேண்டும், எது வேண்டாம் என்று டிக் போட்டுத் தெரிவு செய்யலாம்.

இரண்டிலும் பொதுவாக ஒளிந்திருக்கும் டேட்டாத் திருடன் ஒருவன் உண்டு. ஸ்டீம் லினக்ஸில் ஷேடர் ப்ரீ-கேஷிங் என்ற பெயரில், கேமைத் திறக்காத நாட்களிலும்கூடச் சிறிதும் பெரிதுமாகக் கோப்புகளை இறக்கிக்கொண்டே இருக்கும். செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பக்கத்தின் அடியில் அதை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. நிறுத்தினால் கேமின் தொடக்கத்தில் சற்று விக்கும், அவ்வளவுதான். இன்னொன்று: 2023 முதல் ஸ்டீம், ஒரே ரவுட்டரில் உள்ள இரண்டு கணினிகளுக்கிடையில் கேமை நேரடியாகப் பரிமாற விடுகிறது. ஒருவன் இறக்கிய கேமை மற்றவன், கணினியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், கிட்டத்தட்ட டேட்டாச் செலவே இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பது விண்டோஸாகவும் வாங்குவது லினக்ஸாகவும் இருக்கலாம்.

கரண்ட் விஷயத்தில்தான் பஸைட் தன் பங்குக்குத் திருப்பி அடிக்கிறது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் நம்முடையது. சில வருடங்களுக்கு முன், பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனுக்கு எப்போதும் புதியதாகவே உருண்டுகொண்டிருக்கும் வகை லினக்ஸ் ஒன்றை ஆசை ஆசையாகப் போட்டுக் கொடுத்தேன். புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தபோது, கேர்னல் கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் கரண்ட் போனது. மறுநாள் காலையில் கறுப்புத் திரையில் கண்சிமிட்டும் ஒரு கோடு மட்டுமே மிஞ்சியிருந்தது. அவ்வகைப் பதிப்புகள் பலவற்றில் பழைய கேர்னல் தானாகச் சேமிக்கப்படுவதில்லை என்பதை அறிந்திருந்தும் போட்டுக் கொடுத்தது என் பிழை. பென் டிரைவிலிருந்து ஏற்றிச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

பஸைட்டில் இது நடப்பது அரிது. அது ஃபெடோரா என்ற லினக்ஸின் "அட்டோமிக்" வகையைச் சேர்ந்தது. புதிய படிமத்தைப் பழையதன் மேல் எழுதாமல் பக்கத்தில் எழுதி, முழுமையாக முடிந்த பின்னரே அடுத்த தொடக்கத்தில் அதற்கு மாறும். பாதியில் கரண்ட் போனால் பழையது தொட்டுக்கூடப் பார்க்கப்படாமல் இருக்கும். புதியது முழுமையாகவே வந்து ஆனால் கேம் ஓடவில்லை என்றால், தொடக்கப் பட்டியலில் முந்தையதைத் தெரிவு செய்யலாம். மின்ட்டும் முந்தைய கேர்னலை வைத்திருக்கிறது, டைம்ஷிப்ட் என்ற சேமிப்பு வசதியையும் தருகிறது. என்றாலும் டைம்ஷிப்ட்டை நாமாகத்தான் அமைத்துக்கொள்ள வேண்டும், பாதியில் நின்ற நிறுவலைச் சரிசெய்ய டெர்மினலில் ஒரு கட்டளை தட்டத் தெரிந்திருக்கவும் வேண்டும். அந்த அம்மாவின் வீட்டில் அதை யார் தட்டுவது?

ஆக, டேட்டாவைச் சேமிக்கும் மின்ட் கரண்ட்டுக்குச் சற்றுப் பயப்படுகிறது. கரண்ட்டுக்கு அஞ்சாத பஸைட் டேட்டாவைக் குடிக்கிறது. ஒரு யூபிஎஸ் வாங்க முடிந்தால் தராசு மின்ட் பக்கம் சாயும்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். வால்வின் சொந்த இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ் முக்கியமாக ஸ்டீம் டெக் போன்ற அதன் சொந்தக் கருவிகளுக்கானது, என்விடியா கார்டை ஏற்காது. ஸ்டீம் டெக்கோ இலங்கையில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதே இல்லை. நொபாரா, பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் பதிப்புகளும் நல்லவை, ஆனால் மேற்சொன்ன மூன்று விடயங்களிலும் இந்த இரண்டையும் மிஞ்சுவதாக எனக்குத் தோன்றவில்லை. கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸில் ஆண்ட்ராய்ட் கேம்கள் ஓடும் என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம், அதில் பிளே ஸ்டோரே இல்லை. ஆப்பிள் கணினி 2019இல் 32 பிட் மென்பொருள்களைக் கைவிட்டதோடு பழைய கேம்கள் பலவற்றையும் சேர்த்தே கைவிட்டது. அந்த விலைக்கு இங்கு யாரும் கேம் விளையாட அதை வாங்கப் போவதுமில்லை.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே டிஸ்கில் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் கேம்களை விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் பகுதியில் வைத்து இரண்டிலிருந்தும் ஓட்ட முயல்வார்கள். புரோட்டான் அதில் அடிக்கடி தடுக்கி விழும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் லினக்ஸ் அந்தப் பகுதியில் எழுதவே முடியாமல் போகும். கேம்களுக்கென லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 பகுதியொன்றைத் தனியே ஒதுக்குவதே வழி.

டிக்கோயாப் பையனின் கணினியைத் திறந்தபோது உள்ளே ஜிடி 710 இருந்தது. வீட்டில் 4ஜி ரவுட்டர், யூபிஎஸ் இல்லை. மின்ட் போட்டு, 470 டிரைவர் ஏற்றி, டைம்ஷிப்ட்டை அமைத்து, ஷேடர் இறக்கத்தை நிறுத்தி, தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் அணைத்துவிட்டு, மாதம் ஒரு முறை வெயில் அடிக்கும் காலை நேரமாகப் பார்த்து அப்டேட் செய்யும்படி ஒரு தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிக் கொடுத்தேன். வலோரன்ட் விளையாட இப்போதும் அவன் கொட்டகலையில் உள்ள நண்பன் வீட்டுக்குத்தான் போகிறானாம்.