சர்க்கரை வருமா? சென்னை மதிப்பெண்ணும் பின்லாந்து மதிப்பெண்ணும்

வயது 42. வயிற்றுச் சுற்றளவு 92 செ.மீ., பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 24.5. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. இப்படி ஓர் ஆணை, ரத்தம் எடுக்காமல் கணிக்கும் இரண்டு அளவுகோல்களில் வைத்துப் பார்ப்போம்.

சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் உருவாக்கி 2005இல் வெளிவந்தது ஐடிஆர்எஸ் (இந்தியன் டயாபடீஸ் ரிஸ்க் ஸ்கோர்). கேள்விகள் நான்கே. வயதுக்கு 20, வயிற்றுக்கு 10, அசையாமல் இருப்பதற்கு 30, ஒரு பெற்றோருக்குச் சர்க்கரை இருப்பதால் 10. மொத்தம் 100க்கு 70. இதில் 60ஐத் தொட்டாலே அதிக ஆபத்து.

பின்லாந்தில் 2003இல் வெளிவந்த ஃபின்ட்ரிஸ்க்கில் எட்டுக் கேள்விகள். தினமும் காய்கறி சாப்பிடுகிறார், பிபி மாத்திரை இல்லை என்று வைத்துக்கொண்டால் இவருக்கு 26க்கு 7தான். அதாவது, இவரைப் போன்ற 25 பேரில் ஒருவருக்குப் பத்தாண்டுகளில் சர்க்கரை வரலாம்.

ஏன் இத்தனை வித்தியாசம்? பின்லாந்துக் கணக்கில் 45 வயதுக்குக் கீழே பூஜ்யம், ஆணின் வயிறு 94 செ.மீ.க்குக் கீழே பூஜ்யம், பிஎம்ஐ 25க்குக் கீழே பூஜ்யம். நம் உடல்வாகு வேறு. ஒல்லியான கை கால், முன்தள்ளிய வயிறு என்று இருப்பவருக்கும் சர்க்கரை வருகிறது. ஐடிஆர்எஸ் 35 வயதிலேயே மதிப்பெண் போடத் தொடங்குகிறது; வயிற்றுக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.யிலிருந்து.

இரண்டும் கேட்கும் கேள்வியே வேறு என்பதையும் கவனியுங்கள். ஃபின்ட்ரிஸ்க் வருங்காலத்தைக் கணிக்கிறது. ஐடிஆர்எஸ், இப்போதே தெரியாமல் இருக்கும் சர்க்கரையைத் தேடிப்பிடிக்க உருவானது. அதனால் 60 வந்தவர் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

தமிழர்களுக்கு ஐடிஆர்எஸ்தான் எங்கள் தேர்வு. ஆனால் அதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: முன்பு எப்போதாவது சர்க்கரை கூடியிருந்ததா என்று அது கேட்பதில்லை. ஃபின்ட்ரிஸ்க் கேட்கிறது, 5 மதிப்பெண்ணும் தருகிறது. கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்த பெண்கள் எந்த மதிப்பெண்ணையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை அவசியம். உடன்பிறந்தவர்களுக்குச் சர்க்கரை இருந்தாலும் ஐடிஆர்எஸ் கணக்கில் அது சேராது. பெற்றோர் பரிசோதிக்காமலே இறந்திருந்தால் 'இல்லை' என்று எழுதிவிடுகிறோம். அங்கும் மதிப்பெண் குறையும்.

அதிகம் தவறுவது அளவெடுப்பில். பேன்ட் சைஸை எழுதாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், வெறும் உடம்பில், மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பை வையுங்கள். வயிற்றை எக்கக் கூடாது.

மதிப்பெண் கூடினால் வெறும் வயிற்று ரத்தத்தோடு நிறுத்தாதீர்கள். அது 100க்குள் இருந்தும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140ஐத் தாண்டுபவர்கள் உண்டு. அதுவே 200 ஆனால் சர்க்கரை நோயின் அளவு. எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) பார்க்க உண்ணாவிரதம் தேவையில்லை, ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தசோகை உள்ளவர்கள் குளுக்கோஸ் பரிசோதனையையே கேட்டு வாங்குங்கள். அதை விரல்நுனி மீட்டரில் அல்லாமல், கை ரத்தக்குழாயில் (சிரையில்) எடுத்த ரத்தத்தில் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும்.